அறுபத்தைந்திலிருந்து பின்னோக்கி
நடுவயதில் விமானியாக விழைவோர் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்

நடுவயதில் தொழிலை மாற்றிக்கொள்வது இன்று அரிதான செய்தியன்று. வங்கி அலுவலர் உழவுக்குத் திரும்புவதும், மென்பொருள் பொறியாளர் உணவகம் தொடங்குவதும், வழக்கறிஞர் ஆசிரியராவதும் ஊருக்கு ஊர் காணக்கிடைப்பவையே. பயணிகள் விமானத்தின் விமானியாக விழைவதும் இவ்வரிசையில் சேர்ந்ததுதான் என்று மேலோட்டமாகத் தோன்றினாலும், மற்றவற்றுக்கு இல்லாத ஒரு தன்மை அதற்கு உண்டு. அத்தொழிலின் கடைசி நாள், முதல் நாள் தொடங்குவதற்கு முன்பே சட்டத்தால் குறிக்கப்பட்டுவிடுகிறது. உழவர் எழுபதிலும் வரப்பில் நடக்கலாம், வழக்கறிஞர் எண்பதிலும் வாதாடலாம். ஆனால் விமானியின் ஊதியப் பறப்பு 65ஆம் பிறந்தநாளோடு நின்றுவிடும். ஆகவே, நாற்பதை ஒட்டிய ஒருவர் ‘இந்த வயதில் முடியுமா’ என்று கேட்கும்போது கேள்வி தவறான முனையிலிருந்து தொடங்குகிறது. பிறந்த ஆண்டிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், 65இலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்ப்பதே இவ்வுரை மேற்கொள்ளும் முறை.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கூறிவிடலாம். கனடாவின் மான்ட்ரியல் நகரில் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஐகாவோ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது, உறுப்பு நாடுகளுக்கான நியமங்களை ‘இணைப்புகள்’ என்ற தலைப்பில் வகுத்துள்ளது. அவற்றுள் முதலாம் இணைப்பு, விமானி உள்ளிட்ட பணியாளரின் உரிமங்களைப் பற்றியது. கட்டணம் பெற்றுப் பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச்செல்லும் விமானத்தில், ஒருவருக்கு மேற்பட்ட விமானிகள் இருப்பின் 65 வயது வரையிலும், தனி விமானியாயின் 60 வரையிலும் பணியாற்றலாம் என்பது அதன் வரையறை. 2006 நவம்பர் வரை தலைமை விமானிக்கு இவ்வரம்பு 60ஆகவே இருந்தது. அதை உயர்த்தியபோதும், அறுபதைக் கடந்தவரின் பக்கத்து இருக்கையில் அறுபதுக்கு உட்பட்டவரே அமர வேண்டும் என்ற நிபந்தனை 2014 வரை நீடித்தது. அமெரிக்கா 2007 டிசம்பரில் தனிச்சட்டம் இயற்றி 65ஐ ஏற்றது. அதை 67ஆக்க எழுந்த முயற்சி 2024இல் நிறைவேறிய விமானத்துறைச் சட்டத்தில் இடம்பெறாமலே போயிற்று. எனவே, தம் காலத்தில் வரம்பு நீளும் என்று நம்பிக் கணக்கிடுவது பாதுகாப்பான கணக்காகாது.

இதற்கு மாறாக, உரிமம் பெறுவதற்கு இந்திய விதிகள் கீழ்வரம்பை மட்டுமே சொல்கின்றன. சிபிஎல் என்று துறையினர் அழைக்கும் வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல்வரம்பு ஏதும் கிடையாது. ‘எந்த வயதிலும் விமானியாகலாம்’ என்ற விளம்பர வாசகம் எழுத்துக்கு எழுத்து உண்மையாவது இந்த இடத்தில்தான். ஆனால் அவ்வாசகம் உரிமத்தைப் பற்றியது, வேலையைப் பற்றியது அன்று என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

இப்போது கணக்குக்கு வரலாம். நாற்பத்திரண்டு வயதுள்ள ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தவர், முடிவெடுத்துவிட்டார் என்று கொள்வோம். சிபிஎல் பெறப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேர்ந்திருக்க வேண்டும் என்பதால், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த பள்ளிப் பாடத்துக்கு அவர் திரும்ப வேண்டியிருக்கும். இத்தகையோர் பலரும் நாடும் வழி, தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அவ்விரு பாடங்களை மட்டும் எழுதித் தேர்வதாகும். தம் பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படிக்கும் அதே மேசையில் தாமும் ஒளிவிலகலைப் படிக்கும் தகப்பனாரையும் தாயாரையும் இத்துறை உண்டாக்கியிருக்கிறது. அடுத்து, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகள்: வான் ஒழுங்குமுறை, வழிநடத்தல், வானிலையியல், விமானத் தொழில்நுட்பம் ஆகிய ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு பெற்றாக வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் பேசுவதற்கான உரிமம் தனி. பிறகு பறப்பு. பறப்பு நேரம் என்பது, மேலெழும் நோக்கத்தோடு விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, பறந்து முடித்து முற்றாக நிற்கும் கணம் வரையிலான நேரமாகும். அதில் மொத்தம் 200 மணி வேண்டும். 100 மணியேனும் தாமே பொறுப்பு விமானியாக இருந்து பறந்ததாக இருக்க வேண்டும். அதற்குள் 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணமும், இரவுப் பறப்பும், வெளியே எதையும் பாராமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதும் அடங்கும்.

மழைக்காலம், பயிற்சி விமானத்தின் பழுது, பயிற்றுநர் பற்றாக்குறை ஆகியவற்றையும் சேர்த்தால், முழுநேரமாக ஈடுபடுபவருக்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். அதன்பின் டைப் ரேட்டிங் என்ற ஒன்று காத்திருக்கிறது. ஏர்பஸ் 320, போயிங் 737, ஏடிஆர் 72 போன்ற குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை இயக்குவதற்கான தனித் தகுதி அது. பெரும்பாலும் சிமுலேட்டரில், அதாவது விமானி அறையை அப்படியே பெயர்த்துவைத்தாற்போன்ற, அசைந்து கொடுக்கும் பாவனைக் கூடத்தில் பெறப்படுகிறது. இவ்வளவும் தடங்கலின்றி நடந்தால் நம்மவருக்கு வயது நாற்பத்தைந்து. மீதம் இருபது ஆண்டுகள். இருபது ஆண்டுப் பணிக்காலம் சிறியதன்று. எனவே கணக்கு இத்துடன் முடிந்தால் இவ்வுரைக்கும் தேவையிருந்திராது.

கணக்கில் சேராத காலம் ஒன்று உண்டு. உரிமம் கைக்கு வந்த நாளுக்கும் துணை விமானியின் இருக்கையில் முதன்முதலாக அமரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் அது. பாடத்திட்டம் எதுவும் அதைக் குறிப்பிடுவதில்லை, கட்டணப் பட்டியலிலும் அது இடம்பெறுவதில்லை. ஆயினும் நடுவயதினரின் திட்டங்களை மிகுதியாகக் கவிழ்ப்பது அதுவே எனலாம். இந்திய வான்துறையின் அண்மைக்கால வரலாற்றை ஒருமுறை பார்த்தால் காரணம் விளங்கும். 2012இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தின. இடையில் 2020இன் பெருந்தொற்று உலகம் முழுவதும் விமானங்களைத் தரையிலேயே நிறுத்திவைத்தது. ஒரு நிறுவனம் மூடப்படும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள் வேலை தேடி வருகிறார்கள். 200 மணி மட்டும் பறந்த புதியவர், அவர்களெல்லாம் உள்ளே போன பிறகே கதவைத் தட்ட முடிகிறது. மறுபுறம், 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. செய்தித்தாள் படிப்பவர் இதைக் கண்டு வேலை கொட்டிக்கிடப்பதாக முடிவுகட்டுகிறார். ஆனால் ஆணை கொடுத்த விமானம் வந்து சேரப் பத்தாண்டுகூட ஆகலாம் என்பதையும், அதே 2023இல் டிஜிசிஏ வழங்கிய வணிக உரிமங்கள் 1600ஐத் தாண்டின என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் இத்தொழிலில், இருபத்திரண்டு வயதினர் ஓர் இறக்கத்தைக் காத்திருந்து கடந்துவிடுவார். மூன்றாண்டு காத்திருப்பு அவருடைய நாற்பத்துச் சொச்ச ஆண்டுப் பணிக்காலத்தில் ஒரு சிறு துண்டு. நாற்பத்தைந்து வயதினருக்கோ அதே மூன்றாண்டு, எஞ்சிய காலத்தில் ஏழில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, உரிமத்துக்கு மேல்வரம்பு இல்லையென்றாலும், பணியமர்த்தும் நிறுவனங்கள் தம் பயிற்சி விமானி அறிவிப்புகளில் தாமாக வயது வரம்பு குறிப்பதுண்டு; அது பெரும்பாலும் முப்பதுகளிலேயே முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. நாற்பதைக் கடந்தவரை வயதைக் காரணம் காட்டி மறுப்பதை அங்கே 1967இன் சட்டம் தடுக்கிறது. ஆகையால் நடுவயதில் விமானியாகும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியிருக்கிறது. ஆனால் அங்கே வேறொரு மதில் உண்டு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து, பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரப் பறப்பு வேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. அவ்விபத்தில் சிக்கிய விமானிகள் இருவருமே 1500 மணிக்கு மேல் பறந்தவர்கள் என்பது இவ்விதியைக் குறைகூறுவோர் மறவாமல் எடுத்துக்காட்டும் செய்தி. விதி சரியோ பிழையோ, அங்குள்ள நடுவயதுப் பயிற்சியாளர் 250 மணியளவில் உரிமம் பெற்று, பயிற்றுநராகி, பிறருக்குக் கற்பித்தபடியே மீதி மணிகளைச் சேர்க்கிறார். குறைந்த ஊதியமே ஆனாலும் காத்திருக்கும் காலம் பறந்து கழிகிறது. இந்தியாவிலோ அக்காலம் பெரும்பாலும் வீட்டில் கழிகிறது.

பணத்தைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. உரிமமும் டைப் ரேட்டிங்கும் சேர்ந்து இந்தியாவில் அரைக் கோடி ரூபாயை எளிதில் கடந்துவிடும். அதனோடு, விட்டுவந்த வேலையின் ஊதியம் அத்தனை ஆண்டுகளுக்கு நின்றுபோவதையும் செலவாகவே கொள்ள வேண்டும். இருபது வயதினருக்கு அச்செலவைப் பெற்றோர் ஏற்கின்றனர். நடுவயதினர், தம் பிள்ளைகளின் கல்லூரிச் செலவும் தம் பெற்றோரின் மருத்துவச் செலவும் சேர்ந்துவரும் அதே ஆண்டுகளில் அதை ஏற்கிறார். இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாமல் எடுக்கும் முடிவு, நிலத்தை விற்றபின் மனைவியிடம் சொல்வதற்கு ஒப்பானது.

பணத்தைவிட நுட்பமானது உடல். விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் தேவை. ஐகாவோ நியமப்படி அது பொதுவாகப் பன்னிரண்டு மாதமும், அறுபது வயதுக்குப் பின் ஆறு மாதமுமே செல்லும். அமெரிக்காவில் நாற்பதைத் தாண்டியவுடனேயே ஆறு மாதமாகச் சுருங்கிவிடுகிறது. இதய மின்வரைபடமான ஈசிஜி, ஐம்பதுக்குப் பின் ஆண்டுதோறும் எடுக்கப்பட வேண்டும். கண் பரிசோதனையை அருகிலிருந்து கவனித்தால், நடுவயது என்ற சொல்லின் பொருள் தெளிவாக விளங்கும். தொலைவில் உள்ள எழுத்துகளைக் கண்ணாடியோடு படித்துக்காட்டுவதில் பலருக்கும் சிக்கல் வராது. அதன்பின் என்5 என்று குறிக்கப்படும் மிகச்சிறிய எழுத்துகள் அச்சிட்ட அட்டை கையில் கொடுக்கப்படுகிறது. முப்பதிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் தொலைவுக்குள் அதைப் படிக்க வேண்டும். நாற்பத்துமூன்று வயதுக்காரரின் கை தானாகவே நீள்கிறது, அட்டை முகத்தைவிட்டு விலகிச் செல்கிறது, மருத்துவர் மெல்ல அதை முகத்தருகே தள்ளுகிறார். வெள்ளெழுத்து என்று தமிழர் நெடுங்காலமாக அழைத்துவரும் இக்குறை தகுதியைப் பறித்துவிடாது. கண்ணாடி அணிந்து, உதிரிக் கண்ணாடி ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தால் போதும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை. இன்சுலின் தேவைப்படும் நிலை வந்துவிட்டால் ஐகாவோ நியமம் அவரைத் தகுதியற்றவர் என்றே வகைப்படுத்துகிறது. மாத்திரையோடு அலுவலகம் போய்வருவது இயல்பாகிவிட்ட சமூகத்தில், அதே மாத்திரை பிழைப்பையே நிறுத்தக்கூடிய தொழில் இது என்பதைப் பலர் உணர்வதில்லை. உரிம இழப்புக் காப்பீடு என்ற ஒன்று இருக்கிறது. ஆனால் வயது ஏற ஏற அதன் தவணையும் ஏறும். ஆதலால் முதல் ரூபாயைப் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுப்பதற்கு முன், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனைகள் இரண்டையும் முடித்துவிடுவதே அறிவுடைமை. இவ்வெளிய வரிசையை மாற்றிச் செய்து, பாதிப் பயிற்சியில் உடற்குறை தெரியவந்து நிற்போர் இத்துறையில் அரியவர் அல்லர்.

கற்கும் திறனைப் பற்றி இருவிதமான மிகைக்கூற்றுகள் உலவுகின்றன: நாற்பதுக்குமேல் மூளை ஏற்காது என்பது ஒன்று, அனுபவம் அனைத்தையும் ஈடுசெய்துவிடும் என்பது மற்றொன்று. 2007இல் ‘நியூராலஜி’ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 40 முதல் 69 வயது வரையுள்ள 118 விமானிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து சிமுலேட்டரில் சோதித்தது. வயதில் மூத்தவர்கள் தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கினார்கள் என்றும், உயர்ந்த உரிமத் தகுதி பெற்றிருந்தவர்களிடம் காலப்போக்கில் ஏற்பட்ட சரிவு குறைவாக இருந்தது என்றும் அது கண்டது. மூத்த விமானிகளுக்கு ஆறுதலாக இம்முடிவு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் நடுவயதில் தொடங்குபவர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அம்மூத்தோரைத் தாங்கியது அவர்கள் வயதன்று, அவர்கள் வானில் பெற்றிருந்த தேர்ச்சி. அதுவோ இவரிடம் இன்னும் சேரவில்லை. அலுவலகத்தில் பெற்ற இருபதாண்டு அனுபவம் வானில் அப்படியே செல்லுபடியாகும் நாணயமல்ல.

ஆயினும் அவ்வனுபவம் வீண் என்பதும் பொருந்தாது. பயிற்சி விமானத்தின் காலை வேலை ஒன்றைப் பார்க்கலாம். செஸ்னா 172இன் இறக்கைக்கு அடியில் ஒரு சிறு வடிகுழல் இருக்கிறது. பறப்பதற்கு முன் அதை ஒரு கண்ணாடிக் குழாயால் அழுத்தி, சிறிதளவு எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்க்க வேண்டும். 100எல்எல் எனப்படும் விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். இரவில் தொட்டியில் ஈரம் படிந்திருந்தால், நீர் கனமானதால், குழாயின் அடியில் நிறமற்ற குமிழாகத் திரண்டு நிற்கும். நிற்கிறதென்றால் மறுபடி பிடிக்க வேண்டும், குமிழ் மறையும்வரை பிடிக்க வேண்டும். நூறு நாள் பார்த்து நூறு நாளும் தெளிவாக இருந்தபின், நூற்றோராவது நாளும் அதே அக்கறையோடு குனிந்து பார்ப்பவரே விமானி. கணக்குத் தணிக்கையிலோ அறுவை அரங்கிலோ பாய்லர் அறையிலோ இருபதாண்டு கழித்தவருக்கு இக்குனிதல் இயல்பாக வருகிறது. இருபது வயதினர் பலருக்கு அதைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இனி விமானி அறைக்குள் நிலவும் உறவு. பணிமூப்பு என்பது இத்தொழிலில் வயதைக் குறிப்பதில்லை, நிறுவனத்தில் சேர்ந்த வரிசையையே குறிக்கிறது. எந்த ஊரில் தங்குவது, எப்போது விடுப்பு, எப்போது கேப்டன் பதவி ஆகியவை அவ்வரிசையைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன. கேப்டனாவதற்கு வேண்டிய உயர் உரிமத்துக்கு 1500 மணி தேவை. ஓராண்டில் ஒரு விமானி 1000 மணிக்கு மேல் பறக்க விதி இடம்தருவதில்லை என்பதாலும், நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே பறப்பதாலும், மணிகள் சேர்ந்தபின்னும் இடம் காலியாகக் காத்திருக்க வேண்டியிருப்பதாலும், நம் எடுத்துக்காட்டு மனிதர் ஐம்பதைத் தொட்டபின்பே இடப்புற இருக்கைக்கு வருவார். அதுவரை அவருக்கு வலப்புற இருக்கை; இடப்புறத்தில் முப்பது வயதுக் கேப்டன். தமிழ்ச் சூழலில் இது சிறிய செய்தியன்று. வயதில் இளையவரைத் ‘தம்பி’ என்று அழைத்துப் பழகிய நாக்கு இங்கே ‘சார்’ என்று சொல்ல வேண்டும். அதைவிடக் கடினமானது, ‘சார்’ என்று அழைக்கும் நாக்கு, தேவைப்படும் கணத்தில் அதே சாரைத் தயக்கமின்றித் திருத்தவும் வேண்டும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்த விபத்தின் விசாரணை அறிக்கை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இயக்காமல் கண்காணித்திருந்த விமானி, தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்புவதற்கான ‘கோ அரவுண்ட்’ அழைப்பைக் கொடுத்தும் அது பின்பற்றப்படவில்லை என்றும், அவர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் அது பதிவுசெய்தது. 19 பயணிகளும் விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். இளையவர் மூத்தவரிடம் சொல்லத் தயங்குவதைப் போக்கவே விமானிகளின் கூட்டுச் செயற்பாட்டுப் பயிற்சிகள் உருவாயின. வயதும் பதவியும் எதிரெதிராக அமைந்த அறையில் அத்தயக்கம் இரு பக்கமும் தோன்றும்: மூத்த வயதுத் துணை விமானியைக் கண்டிக்க இளைய கேப்டன் கூசலாம், நேற்றுவரை முந்நூறு பேரை நடத்திய மேலாளர், வானொலியில் ஓர் எண்ணைத் தவறாகத் திருப்பிச் சொன்னதற்காகத் திருத்தப்படும்போது முகம் சுண்டலாம். முகம் சுண்டாத மேலாளரே இத்தொழிலுக்கு ஆகக்கூடியவர். அது எந்த மருத்துவச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை.

உறக்கமும் இதில் சேரும். விடியற்காலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உடலின் விழிப்புநிலை அடிமட்டத்துக்குச் செல்கிறது. வயது கூடக்கூட அந்நேரத்துப் பணியிலிருந்து மீண்டெழ அதிக நேரம் பிடிக்கிறது. இந்தியாவில் 2025 ஜூலையிலிருந்து விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது நல்ல மாற்றமே. எனினும் புதிதாகச் சேர்ந்தவருக்கு விருப்பமான பணிநேரம் கிடைப்பதரிது. பொங்கலும் தீபாவளியும் அவருக்கு வேறு ஊர் விடுதி அறையிலேயே விடியும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபின் நடுவயதினருள் சிலருக்கேனும் கணக்கு நேர்படும்: முப்பதுகளின் நடுவில் இருப்பவர், கடனில்லாதவர், வாழ்க்கைத்துணையின் வருவாய் வீட்டைத் தாங்கக்கூடியவர், ஐந்தாறு ஆண்டு காத்திருப்பையும் அது பலிக்காமல் போவதையும் ஏற்கக்கூடியவர். நாற்பத்தைந்தைக் கடந்தவருக்கு, இந்தியச் சந்தை இன்றுள்ள நிலையில், அது நேர்படுவது அரிது என்றே சொல்ல வேண்டும். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது: வேண்டுவது வேலையா, பறப்பதா? பறப்பதுதான் என்றால் தனியார் விமானி உரிமம் இருக்கிறது. அதற்கான மணிகளும் செலவும் மிகக் குறைவு, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழே போதும். 65 என்ற வரம்பு கட்டணப் போக்குவரத்துக்கு மட்டுமே உரியதாதலால், அது இவரைத் தொடாது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளோடு ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஐம்பதாண்டு கழித்து, 1982இல் அதே நாளில், டாட்டா அதே கராச்சி–பம்பாய் வழியை ஒரு லெப்பர்ட் மாத் விமானத்தில் மீண்டும் பறந்து முடித்தார். ஊதியத்துக்குப் பறக்கும் எந்த விமானியும் இருக்கையைவிட்டு இறங்கி நெடுநாள் ஆகியிருக்கக்கூடிய வயது அது. அப்போது அவருக்கு 78.